எட்டு மா போர்வையும் ஒத்தைக் குல்லாவும்

தஞ்சாவூர்க்காரனுக்கு எதுக்குய்யா கம்பளிக் குல்லா? ஊட்டி, கொடைக்கானல் என்றால் சரி. வருஷத்தில் பாதி நாள் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கொள்கிற ஊர் இது!

நியாயமான கேள்விதான். தை மாசத்து ராத்திரியில்கூட இங்கே 20 டிகிரிக்கு ரொம்பக் கீழே இறங்காது. "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று டெல்லியில் வேலை பார்க்கிற மச்சான்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சிரிப்பது கட்டிலில் படுத்துக்கொண்டு! ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறின மண்ணில், வெறும் சிமெண்ட் தரையில், ஈர வேட்டியோடு விடிகாலை நாலு மணி வரை படுத்தால் தெரியும் சங்கதி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சே இல்லாதவனை...?

அதனால்தான் என் கையில் குரோஷா ஊசி.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினம் பாசஞ்சரில் ஆபீஸ் போகிற ஆசாமி நான். எதிர் சீட்டில் துண்டை விரித்து ரம்மி. என் மடியில் உல்லன் நூல் உருண்டை. முதல் வாரம் கம்பார்ட்மெண்ட்டே அமர்க்களப்பட்டது.

"என்ன சார், வீட்ல விசேஷமா?"

"இல்ல மாப்ளே, ரிடையரானப்புறம் பொழுது போகணுமில்ல... இப்பவே பிராக்டீஸ்!"

நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் கண்ணி எண்ணிக்கை விட்டுப்போகும். சுதந்திரப் போராட்ட காலத்தில் வக்கீல்களும் வாத்தியார்களும் தக்ளியும் கையுமாகத்தானே திரிந்தார்கள்? நூல் நூற்றால் தேசபக்தி, நூலைப் பின்னினால் கிண்டலா?

ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது என் அத்தை. அத்தைக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2016-ல். அந்த வருஷம் ஜனவரி 31-ம் தேதி சென்னையில், சுபஸ்ரீ நடராஜன் ஆரம்பித்த 'மதர் இந்தியாஸ் குரோஷா குயின்ஸ்' குழுவினர், ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்துப் பிரம்மாண்டமான ஒரு போர்வையை விரித்துக் கின்னஸில் ஏறினார்கள். 11,148.5 சதுர மீட்டர்! சென்னைக்காரர்களுக்குச் சொன்னால், 50 கிரவுண்டு. எங்கள் ஊர்க் கணக்கில் எட்டு மாவுக்கு மேல். நாற்று நட்டால் ஒரு சின்னக் குடும்பம் சாப்பிடலாம். அதற்கு முன் அந்தச் சாதனையை வைத்திருந்தது தென்னாப்பிரிக்காவில் மண்டேலா நினைவாக ஆரம்பித்த '67 போர்வைகள்' இயக்கம். சாதனையோடு விடாமல், பின்னியதை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் அத்தையைக் கவர்ந்த விஷயம்.

போன மார்கழியில் அத்தை பின்னிய போர்வை ஒன்று, நான் பின்னிய குல்லா ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜங்ஷன் வாசலில் படுத்திருக்கும் பெரியவரிடம் போனேன். குல்லாவை வாங்கிக் காது மூட இழுத்து மாட்டிக்கொண்டார். போர்வையைத் தடவிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்!

"நல்லாத்தான் இருக்கு தம்பி. விடிஞ்சா இத எங்க வெக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. நமக்குப் போர்வை ராத்திரிச் சமாசாரம். காலையில் மடித்து பீரோவில் வைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவோம். அவருக்கோ அது பகல் பூரா சுமக்க வேண்டிய மூட்டை. ஓரமாக வைத்துவிட்டுப் போனால் திருடு போகும். இல்லையென்றால் யாராவது குப்பையோடு குப்பையாகக் கூட்டித் தள்ளிவிடுவார்கள்.

2010-ல் உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடமாவது வேண்டும், அது 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. 'ராத்திரி தூங்கத்தானே? பகலில் எதற்குத் திறக்கணும்?' என்று கேட்பவர்களுக்குப் பெரியவரின் அந்த ஒரு கேள்விதான் பதில்.

விஷயத்தை அத்தையிடம் சொன்னேன். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "போர்வை ஓரத்துலயே பெரிசா ஒரு சுருக்குப் பை பின்னிடுடா. பகல்ல அதுக்குள்ளயே சுருட்டித் திணிச்சுத் தோள்ல மாட்டிக்கட்டும்!"

அப்படியே செய்தோம். ஆட்டுக் கம்பளி வேண்டாம். நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது. அக்ரிலிக் நூல் லேசு, அலசிப் போட்டால் சட்டென்று காயும். ஒரே ஆபத்து, நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குளிர் காய்கிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். தை பிறப்பதற்குள் பை வைத்த போர்வை தயார். பெரியவர் இந்தத் தடவை திருப்பிக் கொடுக்கவில்லை. சுருட்டி, திணித்து, மாட்டி, நாலடி நடந்தும் பார்த்தார்.

நேற்று ரம்மி கோஷ்டித் தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், இந்த ஊசி எங்க கிடைக்கும்?"

"எதுக்கு?"

"தினம் அம்பது ரூபா தோக்கறேன் சார். அதுக்கு நூல் வாங்கினா வாரத்துக்கு ஒரு குல்லாவாவது மிஞ்சும்!"