சுவரில் ஏறிய பாய்

2023ஆம் ஆண்டு துபாய் சென்றிருந்தபோது, முன்னர் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் தம் புதிய இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். கடலை நோக்கிய உயர்ந்த கட்டடத்தில் முப்பதாவது மாடி. கதவு திறந்ததும், காரைக்குடிக்கே வந்துவிட்டோமோ என்ற மயக்கம் நமக்கு உண்டாயிற்று. வாயிலின் இருபுறமும் பர்மாத் தேக்குத் தூண்கள்; தரையில் ஆத்தங்குடிக் கற்கள்; கூடத்தின் நடுவே ஊஞ்சல்; மூலையில் பெரிய பித்தளை உருளி. நெய்ச்சோற்று வீடுகளில் அடுப்பேறியிருக்க வேண்டிய அவ்வுருளியில் நீரும், நீரின்மேல் ரோஜா இதழ்களும் இருந்தன. எல்லாம் உள்அலங்கார நிபுணர் ஒருவரின் யோசனையாம்.

தூணைத் தட்டிப் பார்த்தோம். நல்ல தேக்கு. பர்மாவிலிருந்து கப்பலேறிச் செட்டிநாட்டுக்கு வந்து, ஒரு நகரத்தார் மாளிகையைத் தாங்கி, அம்மாளிகை பிரிக்கப்பட்டபோது பழம்பொருள் கடைக்குப் போய், மறுபடியும் கடல் கடந்து வந்திருக்கிறது. இப்போது அது எதையும் தாங்கவில்லை. இந்திய மரம் அரபு மண்ணுக்குப் போவது புதிதன்று. மலபார்த் தேக்கில் செய்த கதவுகளை வளைகுடாவின் பழைய வீடுகளில் காணலாம். ஆனால் அக்கதவுகளை அங்குள்ளோர் நாள்தோறும் திறந்தார்கள், மூடினார்கள்.

நம்மை நிறுத்தி வைத்தது வேறொன்று. கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், மேலிருந்து விளக்கொளி விழ, ஒரு பத்தமடைப் பாய். ஓரத்தில் மணமக்களின் பெயர்கள். மாணவரின் தாயார் மகனுடைய நிக்காஹுக்காகத் தம் கையாலேயே நெய்தது.

பத்தமடையில் இத்தொழில் நம் லெப்பைக் குடும்பங்களின் கைத்தொழில். பெரும்பாலும் பெண்களின் கை. கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, தாமிரபரணி நீரில் பல நாள் ஊறப்போட்டு, மீண்டும் நூல்போலக் கீறுவார்கள். நயமான பாயில் நெசவின் நெருக்கம் 100 முதல் 140 எண் வரை ஏறும். அப்பாயைத் துணிபோல் மடிக்கலாம். பட்டுப்பாய் என்று பெயர். இந்தப் பாயில் பாவு பருத்தி நூல்தான். ஆகவே பட்டு விலக்கப்பட்ட ஆண்களும் அச்சமின்றி அமரலாம். அமர இடமிருந்தால்!

அந்த அம்மையாரும் அங்கேதான் இருந்தார். மகரிபுக்குத் தடித்த கம்பளங்கள் விரிக்கப்பட்டன. தொழுது முடித்தபின், வாயைத் துப்பட்டியால் மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: “நெய்யும்போது தொட்டதுதான் ஹஜ்ரத். இப்ப கை எட்ட மாட்டேங்குது.”

மூதாட்டி முலைக்கா (ரலி) அவர்களின் விருந்து நமக்கு நினைவுக்கு வந்தது. உணவுக்குப்பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வீட்டாருக்குத் தொழுவிக்க எழுந்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் வீட்டிலிருந்த பாயை எடுத்து, நீர் தெளித்து விரித்தார்கள். நெடுநாள் புழங்கிக் கறுத்துப்போன பாய் அது. புகாரியில் பதிவான இச்செய்தியில், புழங்கியதைக் குறிக்க ‘லுபிஸ’ என்ற சொல் வருகிறது. அதன் நேர்ப்பொருள் ‘உடுத்தப்பட்டது’. விரித்து அமர்வதும் ஒருவகை உடுத்தலே என்று ஆலிம்கள் இதிலிருந்து சட்டம் எடுப்பார்கள். பாடத்தில் பலமுறை சொல்லிக்கொடுத்த சொல்தான். அன்றுதான் அதன் சூடு நமக்குத் தெரிந்தது.

மாணவரைத் தனியே அழைத்து இதைச் சொன்னோம். அவர் தலைகுனிந்து கேட்டார். பிறகு பணிவாகவே, “அழுக்கானால் போய்விடுமே ஹஜ்ரத். இன்னொன்று நெய்ய உம்மாவுக்கு இப்போது கண் தெரியாது” என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. சட்டத்தைக் கழற்றச் சொல்லவும் நா எழவில்லை.

ஊர் திரும்பியதும் நம் துணைவியாரிடம், நமது நிக்காஹ் பாய் எங்கே என்று கேட்டோம். அவர் வியப்போடு பார்த்தார். முப்பதாண்டுக்கும் மேலாக நாம் கேட்டிராத கேள்வி. நம் வீட்டில் பிளாஸ்டிக் பாய் வந்து நெடுங்காலமாயிற்று. முஸல்லாக்கள் யாவும் ஹாஜிகள் கொண்டுவந்த வெல்வெட். கண்ணாடிக்குள் வைத்தவரையேனும் குறை சொல்ல நமக்கு நாவிருந்தது.

பரண்மேல், பழைய கிதாபுகளுக்கு அடியில் கிடைத்தது. ஒரு மூலையை எலி அரித்திருந்தது. மடிப்புகளில் கோரை முறிந்திருந்தது; பெயர்களில் நமது பெயரின் பாதி இல்லை, அவர் பெயர் முழுதாக இருந்தது.

“இதை என்ன செய்யப் போறீங்க?” என்றார்.

அஸருக்கு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு செம்பில் தண்ணீர் கேட்டோம்.