தாங்கும் தடம்

மேசையைத் தாமே செய்ய முனைவோர் மரத்தின்மேல் காட்டும் அக்கறையைத் தடத்தின்மேல் காட்டுவதில்லை. விசைப்பலகையை வைத்து இழுக்கும் தட்டோ, இருபுறமும் பொருத்தும் இரும்புத் தடங்களை நம்பியே நிற்கிறது.

என் தாயார் பால்வெட்டிய ரப்பர் மரத்தின் இனமே இன்று அறைகலன் பலகையாகிறது. அப்பலகையில் என் பேத்திக்கு மேசையொன்று செய்தேன். கடையில் இருவகைத் தடங்கள் இருந்தன. சிற்றுருளைகளில் ஓடுவது விலை மலிவு. ஆயினும் முக்கால் பங்கே வெளிவரும். எஃகுக் குண்டுகளில் ஓடுவது முழுமையாய் வெளிவரும், ஆட்டமும் குறைவு. விசைப்பலகையின் எடை ஏறத்தாழ ஒரு கிலோதான். ஆனால், அதன்மேல் சாயும் கைகளின் பளுவையும் தட்டே தாங்க வேண்டுமன்றோ? ஆகவே குண்டுத் தடத்தையே தேர்ந்தேன்.

பக்கத்திற்கு அரை அங்குலம் தடத்திற்கு வேண்டும்; எனவே தட்டின் அகலம், அது நுழையும் இடத்தினும் ஓரங்குலம் குறைதல் வேண்டும். உயரமோ அளவுகோலில் இல்லை. அமர்ந்திருக்கும் குழந்தையின் முழங்கையில் இருக்கிறது. சுமார் 75 செ.மீ. உயர மேசை வளர்ந்தோர்க்கு உரியது. அதன்மேல் தட்டச்சுச் செய்யும் சிறுமியின் தோள்கள் உயர்ந்து நோகும். ஆதலின் தட்டைத் தாழ்த்திப் பொருத்தினேன்.

ஆசிரிய நண்பர்களே, பிள்ளையின் உயரம் அறியாது செய்த மேசையும், அதன் நிலை அறியாது நடத்திய பாடமும் ஒன்றே. இரண்டிலும் நோவது பிள்ளையே.