குடவோலையும் பயிற்சியாளரும்
2025 ஐ.பி.எல். போட்டியில் சென்னை அணி 14 ஆட்டங்களில் 4 மட்டுமே வென்று, முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. அந்த மே மாதத்தில் ஒருநாள், மாலைத் திருப்பலி முடிந்தும் இளைஞர்கள் கலையவில்லை. 2009 முதல் பயிற்சியாளராயிருந்து ஐந்து கோப்பைகள் பெற்றுத்தந்த ஸ்டீபன் ஃபிளெமிங் நீடிக்கலாமா என்பதே வழக்கு.

“பழம்புகழை எத்தனை நாள் உண்பது?” என்றான் ஒருவன்.

“நன்றி மறக்கலாமா?” என்றான் மற்றவன்.

“உத்திரமேரூர்க்காரர்களுக்கா இந்த ஐயம்?” என்று நகைத்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள பராந்தக சோழன் காலக் கல்வெட்டின்படி, வாரியப் பெருமக்களுக்கு 360 நாள்களே பணிக்காலம். பிறகு மூன்றாண்டுகள் ஒதுங்கியிருக்க வேண்டும். திறமை குன்றியதாலன்று; முறை அது.

“அப்படியானால் நீங்கள், சாமி?” என்றான் பீடச் சிறுவன்.

எனக்கு இப்பங்கில் அது ஆறாம் ஆண்டு. மாற்றல் வேண்டாமென்று ஆயருக்கு எழுதிய கடிதம், அஞ்சலில் சேராமல் என் மேசையில் கிடந்தது.