இடக்கைப் பக்கம்

ஜூன் 3
அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வலக்கை மடியில் கிடக்கிறது. பேச்சு குழறுகிறது. சொல்வதில் அம்மாவுக்குப் பாதி புரிகிறது, எனக்குக் கால்வாசி.

ஜூன் 5
மடிக்கணினியை முன்னால் வைத்தேன். அச்சகத்தில் இத்தனை வருஷம் கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே தமிழ்99-இல் அடித்தவர். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. இரண்டு கையும் மாறி மாறி ஓடட்டும் என்ற நல்ல யோசனைதான். இப்போது அப்பாவுக்கு இடப்பக்கம் மிஞ்சியிருக்கும் மெய்கள் வ-வும் ங-வும். “வா” என்று அடித்தார். பிறகு “வை”. பிறகு “ஆவி”. அடித்துவிட்டுச் சிரித்தார், வாய் ஒரு பக்கம்தான் போயிற்று.

ஜூன் 6
இடக்கையை நகர்த்தித் தேடி அடியுங்களேன் என்றேன். எந்த எழுத்து எங்கே என்று அவருக்குத் தெரியாது, வலது விரல்களுக்குத்தான் தெரியும். மூடி வைத்துவிட்டார்.

ஜூன் 11
டொராண்டோவில் எட்கர் மத்தையஸ் என்பவர் இதற்கு எப்போதோ வழி கண்டிருக்கிறார். கட்டுரை வந்தது 1993-இல். ஸ்பேஸ்பாரை அழுத்திப் பிடித்தால் கீபோர்டின் மறுபாதி கண்ணாடியில் தெரிவதுபோல் இந்தப் பக்கம் வந்துவிடும். வலது ஆள்காட்டி விரலின் ப, இடது ஆள்காட்டி விரலுக்கு. விரலுக்கு விரல் பொருந்துவதால் புதிதாக எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம்.

ஜூன் 12
அதே வழியை அப்பாவுக்காகப் பைத்தானில், பைகேம் என்ற நிரலகத்தை வைத்து எழுதினேன். விசை இறங்கும்போது கீடவுன், ஏறும்போது கீஅப். இரண்டும் தனித்தனி நிகழ்வுகளாக வரிசையில் போய் நிற்கும். ஈவென்ட்.கெட் என்று கூப்பிட்டால் வரிசை மொத்தமும் கைக்கு வந்துவிடும். ரொம்ப நேரம் கூப்பிடாமல் விட்டால், நிரல் பதில் சொல்லவில்லை என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும்.

சிக்கலெல்லாம் ஸ்பேஸ்பாரில்தான். அது இறங்கிய கணத்தில் சொல்லுக்கு நடுவே விடும் இடமா, மறுபாதியைக் கூப்பிடும் விசையா என்று சொல்லவே முடியாது. பொறுத்திருக்க வேண்டும். நடுவில் எழுத்து ஏதும் வராமல் கீஅப் வந்தால்தான் அது வெறும் இடம். டெக்ஸ்ட்இன்புட் என்று இன்னொரு நிகழ்வு உண்டு; எழுத்தை மட்டும் கொடுக்கும், விரல் எப்போது எழுந்தது என்று சொல்லாது. எனக்கு வேண்டியதே அந்த எழுந்த நேரம்தான். இன்னொரு புண்ணியம்: விசையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் பைகேம் ஒரே ஒரு கீடவுன்தான் தரும், செட்_ரிபீட் போட்டாலொழிய. மெதுவாக எழும் விரலுக்கு அது போதும்.

ஜூன் 13
எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 19
அடித்துவிட்டார்! முதல் வாக்கியமே புகார்: “ஆம்பார் எங்கே”. ச-வின் விசை பலகையின் ஓரத்தில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே இந்தப் பக்கம் எழுத்து விசையே கிடையாது, டேப்தான். அதையே கொடுத்தேன். ய-வுக்கு கேப்ஸ்லாக்; ஒவ்வொரு ய-வுக்கும் அந்தச் சின்ன விளக்கு எரிகிறது, இல்லை அணைகிறது. ஞ-வுக்கு இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 20
ஆஸ்பத்திரி ரசீதுகள். அம்மாவோடு சண்டை.

ஜூன் 27
வலக்கை சும்மா இருக்க வேண்டாம், மவுஸ் மேல் வையுங்கள் என்று ஃபிசியோ சொல்லியிருந்தார். வைத்துவிட்டு அப்பா இடக்கையால் அடித்துக்கொண்டிருந்தார். வருகிற நிகழ்வையெல்லாம் திரையோரம் அச்சிடச் சொல்லியிருந்தேன். கீடவுன், கீஅப் வரிகளுக்கு நடுவே மவுஸ்மோஷன். நகர்ந்தது ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. மின்விசிறியை நிறுத்தினேன். அடிக்கிற வேகத்தில் மேஜை ஆடுகிறதோ என்று இடக்கையைத் தூக்கச் சொன்னேன். சில வரிகள் வந்தன. அப்புறம் நின்றுபோயின. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 28
ஒரு வரியும் இல்லை. மவுஸ் மலிவானது, அதன் ஒளிச்சில்லு தானாகவே பதறியிருக்கலாம்.

ஜூலை 2
ஞ-வை மவுஸின் இடது பொத்தானுக்குக் கொடுத்துவிட்டேன். மவுஸ்பட்டன்டவுன் என்ற வரி இன்னும் வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அப்பா சற்று நேரம் திரையைப் பார்த்தார். பிறகு இடக்கையால் அடித்தார்: “ஒரு எழுத்துக்கு அவ்வளவு தூரமா போகணும்?”