அங்கீதி அணைந்த பிறகு

தில்லி ராஜேந்திர நகரில் ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடிதான் வீடு. காலை 11 மணிக்கு மூடுபனி கலைந்து வெயில் தலைகாட்டியதும் கைப்பிடிச் சுவர்களில் ரஜாய்கள் காயத் தொடங்கும். கயிற்றுக் கட்டில் வரும். வேர்க்கடலையும் முள்ளங்கியும் வரும். மாலையில் விருந்தாளிகள் உண்டென்றால் அங்கீதியும் வரும்.

இந்தப் பள்ளி ஆசிரியர் வீட்டு அங்கீதி அவரைவிட வயதில் மூத்தது. பழைய இரும்பு வாளி ஒன்று. அடியில் காற்றுக்கு ஒரு துவாரம், நடுவே குறுக்காக நாலைந்து கம்பி, உள்ளே களிமண் பூச்சு. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தப் பூச்சைப் புதுப்பிப்பவர் அவரது தாயார். வீட்டுக்கும் தெருவுக்கும் அவர் பீஜி. 1947ல் 7 வயதுச் சிறுமியாக லயால்பூரிலிருந்து (இன்று பாகிஸ்தானின் ஃபைசலாபாத்) தில்லி வந்தவர். கோழி டிக்காவோ, பனீரோ, சர்க்கரைவள்ளிக் கிழங்கோ, எதுவானாலும் கரி நெருப்பில் வாட்டியிருக்க வேண்டும். "காஸில் வெந்தால் அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்பது பீஜியின் தீர்ப்பு.

2023 ஜனவரியில் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது காஸ் அல்ல, கரி.

அன்று மாடியில் பன்னிரண்டு பேர். இரவு 10 மணிக்குச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பியபோதும் கங்குகள் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தன. அவ்வளவு நெருப்பை வீணாக்குவானேன்? புகை துளியும் இல்லை. குளிரோ எலும்பைத் துளைத்தது. மகன் வாளியைத் தூக்கி வந்து தாயின் அறையில், கட்டிலுக்கு நாலடி தள்ளி வைத்தார். ஜன்னலையும் கதவையும் இழுத்துச் சாத்தினார். பீஜி அவரை ஆசீர்வதித்துவிட்டுப் படுத்தார்.

ஒரு மணி இருக்கும். பித்தளைச் செம்பு உருளும் சத்தம் கேட்டு மருமகள் எழுந்து போனார். பீஜி கதவருகே தரையில் கிடந்தார். நினைவு இருந்தது, கால்கள் இல்லை. தலையைக் கயிறு போட்டு முறுக்குவது போலிருக்கிறது என்று குழறினார். வாந்தியும் எடுத்திருந்தார். மருமகள் முதலில் செய்தது ஜன்னலைத் திறந்ததுதான். பிறகுதான் கணவரைக் கூப்பிட்டார். மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "அங்கீதியா?" விடியும்வரை முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. இரண்டாம் நாள் பீஜி வீடு திரும்பினார்.

புகை இல்லாத கங்கு எப்படி ஆளைச் சாய்க்கும் என்பது ஆசிரியருக்கு விளங்கவில்லை. இத்தனைக்கும் அவர் பாடம் நடத்துவது வேதியியல். கரி என்பது பெரும்பாலும் கார்பன். காற்று தாராளமாகக் கிடைத்தால் அது எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். ஆனால் குவியலின் நடுவே, காற்று குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருக்கிற இடத்தில், அந்த வாயு மறுபடியும் சிவந்த கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறும். கங்குகளின் மேல் சில சமயம் நீல நிறத்தில் சின்னச் சின்ன நாக்குகள் துள்ளுவதைப் பார்த்திருக்கலாம். எரிகிற கார்பன் மோனாக்சைடுதான் அது. சூடு தணிந்து அந்த நீலச் சுடரும் மறைந்த பிறகு வாயு எரியாமல் அப்படியே வெளியே வருகிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. அங்கீதியை அறைக்குள் கொண்டுவர நல்ல நேரம் என்று தில்லிக்காரர்கள் காலங்காலமாக நினைத்து வந்தது இந்த நேரத்தைத்தான்.

"நாங்கள் என்ன, செத்தா போனோம்?" என்பது பீஜியின் கேள்வி. நியாயமான கேள்வி. அவர் இளம் மருமகளாக இருந்த காலத்தில் மாலையானால் தெருவெங்கும் அங்கீதிகள் வாசலில் புகைந்துகொண்டிருக்கும். வறட்டியும் சுள்ளியும் வைத்துப் பற்றவைத்து, புகை அடங்கியதும் உள்ளே தூக்கிப் போவார்கள். அதில்தான் சமையல், அதில்தான் குளிர்காய்தல். ஆனால் அந்த அகதிக் குடியிருப்பு வீடுகளின் கதவுகள் ஒருநாளும் சரியாகச் சாத்திக்கொண்டதில்லை. ஒவ்வொரு அறையிலும் கூரையை ஒட்டி ரோஷன்தான் என்ற சிறு திறப்பு இருந்தது. குருவி கூடு கட்டும், தூசி கொட்டும், குளிர்காற்று வரும். கூடவே விஷக் காற்று வெளியே போகும். 2011ல் பழைய வீட்டை ஒரு பில்டரிடம் கொடுத்து நாலு தளமாகக் கட்டியபோது ரோஷன்தான்கள் போய்விட்டன. ஏசி போடுவதற்காக ரப்பர் பட்டை வைத்த அலுமினிய ஜன்னல்கள் வந்தன. வீடு மாறியது. வாளி மட்டும் மாறவில்லை.

மருமகள் அடுத்த வாரமே சொல்லிவிட்டார்: இனி இந்த வீட்டில் கரி கிடையாது. அதற்குப் பிறகு ஒரு வருடம் நடந்தது, வேறென்ன, குடும்ப விவாதம்தான்.

முதல் யோசனை மருமகளின் தம்பியிடமிருந்து வந்தது. "ஜீஜாஜி, காஸ் பார்பெக்யூ ஒன்று வாங்கிவிடுங்கள். பத்தே நிமிடத்தில் சூடு, திருகை மூடினால் நெருப்பு அவுட்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. தன் வீட்டிலிருந்ததைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தும்விட்டார். உள்ளூரில் செய்தது. அமெரிக்காவுக்கென்று தயாரானதை வாங்கினால் அதன் ரெகுலேட்டர் நம் 14.2 கிலோ சிலிண்டரின் வால்வில் பொருந்தாது. எதையாவது வைத்துக் கட்டி ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. அது தற்கொலைக்குச் சமம்.

இரண்டாவது யோசனை டல்லாஸில் இருக்கும் பேரனிடமிருந்து. வீடியோ அழைப்பில் அவன் காட்டியது பெல்லட் கிரில். மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் தடிமனே உள்ள சின்னக் குச்சிகள். மின் மோட்டாரில் சுழலும் திருகு ஒன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குள் தள்ளும். விசிறி காற்று ஊதும். டிகிரி சொன்னால் போதும், இயந்திரமே பார்த்துக்கொள்ளும். "பாப்பா, காலையில் வைத்துவிட்டு ஆபீஸ் போகலாம்" என்றான். 1980களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ட்ரேகர் குடும்பத்தினர் சந்தைக்குக் கொண்டுவந்த யோசனை இது. பெரிய மாட்டிறைச்சித் துண்டைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெல்லிய சூட்டில், மரப்புகையில் வேகவைக்கும் டெக்சாஸ்காரர்களுக்கு அது வரப்பிரசாதம்தான்.

பஞ்சாபிச் சமையலுக்கு அது எதிர்த்திசை. தந்தூரின் சுவர் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டிக்கா சில நிமிடங்களில் வெளியே கருகி உள்ளே சாறோடு நிற்பது அந்த வெப்பத்தால். பெல்லட் கிரில்களில் பெரும்பாலானவை 250 டிகிரியை ஒட்டி மூச்சு வாங்க ஆரம்பிக்கும். தவிர, மின்சாரம் போனால் மோட்டாரும் போச்சு. தில்லியின் ஜூலை மழையில் நனைந்தால் குச்சிகள் ஊதி மறுபடி மரத்தூளாகிவிடும். இந்தியாவில் பெல்லட்டுக்குப் பஞ்சமில்லை. பஞ்சாபின் வைக்கோலில் செய்தவை தில்லியை ஒட்டியுள்ள தாத்ரி அனல் மின் நிலையத்தில் நிலக்கரியோடு சேர்ந்து எரிகின்றன. ஆனால் அவை கொதிகலனுக்கானவை. உணவின் மேல் அந்தப் புகையைப் படியவிடுவது புத்திசாலித்தனம் அல்ல.

சமையலறைக்கும் பெல்லட் ஒருமுறை வந்து பார்த்தது. 2006ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நுட்பத்தோடு, பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பீ.பீ. 'ஊர்ஜா' என்ற அடுப்பைக் கொண்டுவந்தது. விவசாயக் கழிவுக் குச்சிகள், சிறு விசிறி, குறைந்த புகை. லட்சக்கணக்கான வீடுகள் வாங்கின. பிறகு குச்சியின் விலை ஏறியது. கிராமத்தில் விறகு சும்மா கிடைக்கும்போது காசு கொடுத்துக் குச்சி வாங்க யார் வருவார்கள்? அடுப்புகள் பரணுக்குப் போயின. பெல்லட் கிரில்லுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதற்கான குச்சி அடுத்த வருடமும் கிடைக்குமா என்று ஆசிரியர் கேட்டது இதனால்தான். டல்லாஸிலிருந்து பதில் வரவில்லை.

மிஞ்சியது காஸும் கரியும். பீஜியின் நாக்கும்.

கரியின் மணம் என்று எல்லோரும் உருகுவதில் பாதி கற்பனை. மரத்தைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கும்போதே அதிலுள்ள எண்ணெய், பிசின், வாசனை எல்லாம் ஆவியாகிவிடுகின்றன. நன்றாகச் சாம்பல் பூத்த கங்குக்கென்று தனி மணம் கிட்டத்தட்ட இல்லை. கட்ச்சிலிருந்து வந்த கரியா, ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலங் கரியா என்று நாக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது. மூக்கை இழுப்பது இறைச்சியிலிருந்து நெருப்பில் சொட்டும் கொழுப்பும் தயிரும் மசாலாவும் பொசுங்கி எழுப்பும் புகை. காஸ் பர்னருக்கு மேலே உள்ள சூடான தகட்டில் சொட்டினாலும் அதே புகைதான். (பிசுபிசுவென்று ஒட்டும் அந்தப் புகையில் புற்றுநோய்க்குக் காரணமான சேர்மங்களும் உண்டு. இதில் எந்த அடுப்பும் யோக்கியம் இல்லை.)

மீதிப் பாதி உண்மை. 1 கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. அதாவது காஸின் சூடு ஈரச் சூடு. கரியின் சூடு உலர்ந்தது, நேரடியாகப் பாய்வது. டிக்காவின் ஓரம் மொறுமொறுப்பாவதில் அந்த வித்தியாசம் தெரியும். பீஜி இதையெல்லாம் படித்ததில்லை. ஆனால் மச்சான் காஸில் சுட்டுக் கொடுத்த முதல் துண்டைக் கடித்ததுமே, "வேகவைத்ததைச் சுட்டமாதிரி இருக்கிறது" என்றார்.

அன்று அவர் முன்னால் வைக்கப்பட்டவை மூன்று தட்டுகள். இரண்டாவது தட்டு மருமகளின் தந்திரம். காஸில் சுட்ட துண்டுகளை ஒரு பாத்திரத்தில் போட்டு, நடுவே சிறு கிண்ணம் வைத்து, அதில் ஒரே ஒரு சிவந்த கரித்துண்டை இட்டு, அதன் மேல் ஒரு ஸ்பூன் நெய் விட்டார். குபீரென்று புகை எழுந்ததும் தட்டைப் போட்டு மூடினார். இரண்டே நிமிடம். துங்கார் என்று வட இந்தியச் சமையலறைகள் நெடுங்காலமாக அறிந்த வித்தை. மூன்றாவது தட்டு, மாடியின் ஒரு மூலையில், கடைசித் தடவை என்ற வாக்குறுதியோடு ஏற்றப்பட்ட பழைய அங்கீதியில் சுட்டது.

பீஜி மூன்றையும் சரியாகக் கண்டுபிடித்தார். யாரும் ஏமாற்ற முடியவில்லை. இரண்டாவது தட்டைக் காட்டி, "இது திருட்டு வேலை" என்றார். பிறகு அதிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். அவர் தோற்றது கத்திரிக்காயில் மட்டும். காஸ் சுடரில் நேரடியாகத் தோல் கருகச் சுட்டுப் பிசைந்த பர்த்தாவை அங்கீதியுடையது என்று அடித்துச் சொன்னார். உண்மை தெரிந்ததும், கத்திரிக்காய்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் நடந்தபோது மருமகளின் கைப்பையில் ஒரு பத்திரிகைச் செய்தி மடித்து வைக்கப்பட்டிருந்தது. 2024 ஜனவரி 14 அன்று தில்லியின் இரண்டு இடங்களில் மூடிய அறைகளில் வைத்த அங்கீதிகளால் 6 பேர் இறந்துபோனார்கள். ஒரே குடும்பத்தில் 4 பேர், அவர்களில் இருவர் குழந்தைகள். காற்று கெட்டுப்போகும் குளிர்கால நாட்களில் ஓட்டல் தந்தூர்களில் கரியும் விறகும் எரிக்கத் தலைநகரில் தடை வருகிறது. மும்பையில் 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றமே பேக்கரிகளையும் தந்தூர் கடைகளையும் ஆறு மாதத்தில் மாறச் சொன்னது. வீட்டு அறைக்குள் இருக்கும் வாளிக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை. அதற்கு மருமகள்தான் இன்ஸ்பெக்டர்.

அவருடைய கணக்கு எளிது. காஸிலும் ஆபத்து உண்டு. ஆனால் கசிந்தால் நாறுவதற்கென்றே அதில் மெர்கேப்டனைக் கலந்திருக்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் தரையோடு படரும், திறந்த மாடியில் கலைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குத் திருகு இருக்கிறது. கரிக்குத் திருகு கிடையாது. விருந்தாளிகள் போன பிறகும், எல்லோரும் தூங்கிய பிறகும், அது தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

காஸ் பார்பெக்யூ வாங்கியாயிற்று. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், ஐஎஸ்ஐ முத்திரைக் குழாயை மாற்றும் தேதியைச் சுவரில் எழுத வேண்டும் என்பவை ஆசிரியருக்கு இடப்பட்ட கட்டளைகள். துங்காருக்கு ஒரு முறைக்கு ஒரு கரித்துண்டு அனுமதி. அது முடிந்ததும் மருமகள் கண்ணெதிரே தண்ணீர் வாளியில் விழ வேண்டும். பேரன் கிரில்லுக்குப் பதிலாக டல்லாஸிலிருந்து உள்ளங்கையளவு கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை அனுப்பினான். அது பீஜியின் கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது.

களிமண் பூசிய வாளியில் இப்போது துளசி. அறையில் எண்ணெய் ஹீட்டர் ஓடுகிறது. ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைக்கவேண்டும் என்பது நிபந்தனை. இரவில் பீஜி எழுந்து அந்த இடுக்கில் பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் செருகிவிடுகிறார். மருமகள் ஐந்து மணிக்குப் பாலெடுக்க எழும்போது, போய் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருகிறார்.