வெள்ளோட்டம்

எஞ்சின் மாற்றிய ஜெட் விமானத்தை முதலில் மேலே கொண்டுபோகிறவனைத் துணிச்சல்காரன் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. இந்திய விமானப்படையில் நாங்கள் ஏர் டெஸ்ட் என்று சொல்லும் இந்த வேலையில் துணிச்சலுக்கு இடமே இல்லை. எந்த உயரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று அட்டையில் அச்சடித்திருக்கும். பகல் வெளிச்சம் வேண்டும், தெளிந்த வானம் வேண்டும். எஞ்சின் நின்றாலும் சறுக்கி வந்து இறங்கக்கூடிய தூரத்துக்குள்ளேயே சுற்றிச்சுற்றி ஏற வேண்டும்.

நான் பிறந்தது இலங்கையின் மாத்தளையில். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்த குடும்பம். எங்கள் முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும். புதுத்தேர் என்றால் சாமியை ஏற்றுமுன் வெள்ளோட்டம் விடுவார்கள் அல்லவா, ஏர் டெஸ்டும் அதுதான். என்ன, மேலே முட்டுக்கட்டை போட ஆளிருக்காது.

அந்தத் தீவிலும் ஏர் டெஸ்டுக்கு ஒரு கதை உண்டு. அரசுக்கு எதிரான 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது, சீனன்குடா விமானத்தளத்தில் ஓரங்கட்டி வைத்திருந்த ஜெட் புரோவஸ்ட் விமானங்களை அவசரமாகத் தயார்செய்து பறக்கவிட்டார்கள். நான் ஓட்டிய கிரண் மார்க் 1 பயிற்சி விமானத்தில் இருந்ததும் அதே வைப்பர் குடும்பத்து எஞ்சின்தான். நின்றுகிடந்த விமானத்தில் சீல் காய்ந்துபோகும், குழாய்களில் ஈரம் தங்கும். தரையில் ஓட்டிப் பார்க்கும்போது எல்லாமே ஒழுங்காகத் தெரியலாம்.

பெங்களூரில் 2019 பிப்ரவரி 1 அன்று, மேம்படுத்திய மிராஜ் 2000 போர் விமானம் ஒன்றைச் சோதிக்கப் புறப்பட்ட சமீர் அப்ரோல், சித்தார்த்த நேகி இருவரும் உயிரிழந்தார்கள். முறையாகப் பயிற்சி பெற்ற சோதனை விமானிகள். விமானம் கிளம்பும் கட்டத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அட்டையில் உள்ளதெல்லாம் உயரத்துக்குப் போன பிறகுதானே தொடங்குகிறது.

ஏர் டெஸ்டில் எனக்குப் பிடித்த கட்டம், விமானத்தைத் தலைகீழாகப் புரட்டுவது. தோள்பட்டை வார்கள் அறுக்கும், கால்கள் பெடலை விட்டுக் கிளம்பப் பார்க்கும். தரை இடுக்குகளில் ஒளிந்திருந்ததெல்லாம் தலைக்கு மேல் கண்ணாடியில் வந்து சிதறும். தூசி, பென்சில் முனை, நறுக்கிய லாக் வயர்த் துண்டு. ஒரு தடவை ஒரு திருகாணி டிக்கென்று விழுந்தது. கண்ணாடியில் விழுந்ததால் கையில் எடுத்துக் காட்ட முடிந்தது. அதுவே விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கின் அடியில் போய்ச் சிக்கியிருந்தால் ஸ்டிக் அசைந்திருக்காது. ஹேங்கர் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தையே வரைந்து வைத்திருப்பது இதற்காகத்தான். ஓர் உருவம் காலியாக இருந்தாலும் விமானத்தை வெளியே விடமாட்டார்கள்.

இறங்கியதும் ஃபார்ம் 700, அதாவது விமானத்தின் பதிவேடு. உண்மையில் தொழிலே இங்கேதான் இருக்கிறது என்பேன். "எஞ்சின் சரியில்லை" என்று எழுதிக் கொடுத்தால் சார்ஜென்ட் மரியாதையாக "சரி சார்" என்பார். அந்தச் 'சரி'யிலேயே நம்மைப் பற்றிய அபிப்பிராயம் தெரிந்துவிடும். என்ன உயரம், த்ராட்டில் எங்கே இருந்தது, எத்தனை சதவீத சுழற்சியில் அதிர்வு தொடங்கி எத்தனையில் நின்றது, ஜெட் பைப் வெப்பநிலை முள் அப்போது என்ன காட்டியது, இவ்வளவும் வேண்டும். இறங்கிய பிறகு யோசித்து எழுதினால் மனசு கதை கட்டும். அதனால் தொடைப்பட்டையில் கட்டிய தாளில் அங்கேயே கிறுக்கிவிடுவேன்.

ஆனால் காரணம் இதுதான் என்று எழுதக் கூடாது. நான் ஃப்யூயல் பம்ப் என்று எழுதினால் அவர்கள் பம்பைத்தான் கழற்றுவார்கள். அதிகாரி எழுத்தாயிற்றே! கோளாறு வேறெங்கோ இருக்கும், இரண்டு ராத்திரி வேலை வீணாகும். கண்டதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது இளம் விமானிகளுக்குக் கஷ்டம். எஞ்சினைப் பற்றிப் புத்தகத்தில் படித்தது அப்போதுதான் நாக்கு நுனியில் நிற்கும்.

சரிசெய்த பிறகு, கோளாறு இருந்த பகுதியை மட்டும் மறுபடி பறந்து பார்ப்பது வழக்கம். டேங்கில் எரிபொருள் இருந்தால் நான் முழு அட்டையையும் ஓட்டிவிடுவேன். ஃப்ளைட் கமாண்டர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். பம்பைக் கழற்றிய கை பக்கத்தில் இருந்த இணைப்பையும் அசைத்திருக்கும் என்பது என் கணக்கு.