கம்பி ஒன்று, போட்டி எங்கே?

மின்சாரச் சந்தையில் போட்டி வந்தால் விலை இறங்கும் என்று அரசுகளுக்கு ஆலோசனை எழுதுவது நமது தொழில். எனினும், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பெரியகல்லாற்றில் பிறந்த நமக்கு ஐயம் ஓயவில்லை. மின் உற்பத்தியில் பலர் போட்டியிடலாம். வீட்டுக்கு வரும் கம்பியோ ஒன்றுதான். உற்பத்தியிலேனும் போட்டி மெய்யானதா? 2000-2001இல் கலிபோர்னியாவில் என்ரோன் போன்ற வியாபாரிகள் செயற்கைத் தட்டுப்பாட்டால் விலையை ஏற்றினர். மக்கள் இருளில் கிடந்தனர்.

அரசுடைமை மட்டுமே போதும் என்றும் சொல்வதற்கில்லை. 2022இல் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியின்றி இலங்கை இருண்டதை மறப்போமா? 2024ஆம் ஆண்டின் சட்டம் மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழிவகுத்தது. எத்தனையாகப் பிரித்தாலென்ன? மாதம் 30 அலகுக்குள் அடங்கும் மீனவக் குடும்பத்தின் கட்டணத்தை யார், யாருடைய நலனுக்காகத் தீர்மானிப்பர்? இதற்கு விடை கூறாத ஆலோசனை கணக்காகலாம், நீதியாகாது.